ஒரே ஒரு ஆப்ஜெக்ட் என்றால், எதற்குள் ஒன்று? மொழிக்கு மொழி சிங்கிள்டன்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் சிங்கிள்டன் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் ஜாவாவில் எழுதிக் காட்டியிருக்கிறீர்கள், "இதையே பைதானிலும் கோ மொழியிலும் எப்படிச் செய்வீர்கள்?" என்று அடுத்துக் கேட்டதும் கை நின்றுவிட்டது. கூடவே, இப்போதைய புராஜெக்டில் கான்ஃபிக், டேட்டாபேஸ் கனெக்ஷன், பில் நம்பர் கொடுக்கும் கவுன்ட்டர் மூன்றையும் சிங்கிள்டனாக வைத்திருக்கிறேன், சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது, ஆனால் அதற்குப் போகும் வழி முதல் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது.

சிங்கிள்டன் என்ற பெயருக்குள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்கும் என்பது முதலாவது. அந்த ஆப்ஜெக்டை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ் நால்வரும் தொகுத்த 23 பேட்டர்ன்களில் (அடிக்கடி வரும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான தீர்வு மாதிரிகள்) ஒன்றாக இது வந்தது, அன்றைய உதாரணங்கள் சி++, ஸ்மால்டாக் இரண்டிலும்தான். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மொழியிலும் இதை எழுதிப் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஒரு இடத்தில் இடித்தது. ஏன் இடித்தது என்று பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் நிற்கும்: ஒன்று என்கிறோமே, எதற்குள் ஒன்று? ஒரு புராசஸுக்குள்ளா (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்), ஒரு கிளாஸ் லோடருக்குள்ளா (ஜாவாவில் கிளாஸ்களை மெமரிக்குக் கொண்டுவரும் பகுதி), ஒரு ரிக்வெஸ்டுக்குள்ளா, இல்லை நான்கு சர்வருக்கும் சேர்த்தா? இதைக் கேட்டுப் பழகிவிட்டால் எந்த மொழியில் எழுதச் சொன்னாலும் கை நிற்காது.

ஜாவாவில் ஆரம்பிக்கிறேன். எல்லோரும் முதலில் எழுதுவது இதுதான்: கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்குவது, ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள் வைப்பது, 'கெட் இன்ஸ்டன்ஸ்' என்று ஒரு மெத்தட், அதற்குள் "வேரியபிள் காலியாக இருந்தால் புதிதாக உருவாக்கு, இல்லையென்றால் இருப்பதைக் கொடு" என்று ஒரு இஃப். ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை ஓட்டம்) என்றால் இது போதும். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அந்த இஃப்புக்கு வந்தால் இரண்டுக்குமே வேரியபிள் காலியாகத் தெரியும், இரண்டும் ஆளுக்கொன்று உருவாக்கும். சரி, மெத்தட் முழுவதற்கும் லாக் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் உள்ளே போகும்படி செய்துவிடலாம் என்றால் முதல் தடவை மட்டும் தேவைப்படுகிற லாக்கை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அழைப்பிலும் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒருவர் யோசித்தார், முதலில் லாக் இல்லாமல் பார்ப்போம், காலியாக இருந்தால் மட்டும் லாக் வாங்கி உள்ளே போய் இன்னொரு தடவை பார்ப்போம் என்று. இதுதான் 'டபுள் செக்டு லாக்கிங்'. பார்க்க அவ்வளவு கச்சிதமாக இருக்கும், ஆனால் ஜாவா 5 வருவதற்கு முன்பு வரை இதைச் சரியாக எழுத வழியே இல்லை.

காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், இது புரிந்தால் பாதி சங்கதி முடிந்தது. 'நியூ' என்று ஒரே வரியில் எழுதுகிறோமே, அது உள்ளே மூன்று வேலை. மெமரியில் இடம் பிடிப்பது, கன்ஸ்ட்ரக்டரை ஓட்டி ஃபீல்டுகளை நிரப்புவது, அந்த இடத்தின் முகவரியை வேரியபிளில் எழுதுவது. ஒரே த்ரெட்டின் பார்வையில் விடை மாறாது என்பதால் இரண்டாவதையும் மூன்றாவதையும் வரிசை மாற்றிச் செய்ய கம்பைலருக்கும் புராசஸருக்கும் உரிமை உண்டு. அப்படி மாற்றிச் செய்த அந்தக் கணத்தில் இன்னொரு த்ரெட் வந்து லாக் இல்லாத முதல் இஃப்பில் எட்டிப் பார்க்கிறது, வேரியபிளில் முகவரி இருக்கிறது, காலி இல்லை, எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் ஆப்ஜெக்ட் உள்ளே இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. கூரை போடாத வீட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி. இந்தப் பிழை ஆயிரம் தடவை ஓட்டினாலும் உங்கள் லேப்டாப்பில் வராது, லோடு ஏறிய சர்வரில் என்றோ ஒரு நாள் வரும், வந்த சுவடும் இருக்காது. 2004-இல் ஜாவா 5-இல் மெமரி மாடலையே திருத்தி, 'வொலட்டைல்' என்று குறித்த வேரியபிளுக்கு இந்த வரிசை மாற்றம் நடக்காது என்று உறுதி கொடுத்த பிறகுதான் அந்த முறை செல்லுபடியானது. இன்றும் வொலட்டைல் போட மறந்த டபுள் செக்டு லாக்கிங்கைப் பழைய கோடில் நிறையப் பார்க்கலாம், கண்ணில் பட்டால் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.

ஆனால் நான் அதை எழுதவே மாட்டேன், ஏனென்றால் ஜாவாவே இந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கிறது. ஒரு கிளாஸை முதல் தடவை பயன்படுத்தும்போதுதான் அதன் ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் நிரப்பப்படும், அப்போது லாக் வாங்குவதையும், ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் பார்த்துக்கொள்ளும். ஆகவே 'ஸ்டாட்டிக் ஃபைனல்' என்று ஒரே வரியில் ஆப்ஜெக்டை உருவாக்கி வைத்தாலே பத்திரமானது, பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டுமே உருவாவதும் கூட. அதே கிளாஸில் வேறு ஸ்டாட்டிக் மெத்தடுகள் இருந்து, அவற்றைத் தொட்டாலே இந்த ஆப்ஜெக்டும் உருவாகிவிடுமே என்ற கவலை இருந்தால் மட்டும் உள்ளே ஒரு குட்டி கிளாஸ் வைத்து அதற்குள் இந்த ஃபீல்டைப் போடலாம், அதுதான் பில் பியூ பெயரில் சொல்லப்படும் ஹோல்டர் முறை.

அப்புறம் 'ஈனம்' (enum), அதாவது இன்னின்ன மதிப்புகள் மட்டும்தான் என்று பட்டியலிட்டு வைக்கும் வகை. ஒரே ஒரு மதிப்பு உள்ள ஈனமாக சிங்கிள்டனை எழுதுவதை 2008-இல் ஜோஷுவா பிளாக் பரிந்துரைத்தார், பார்க்க விநோதமாக இருந்தாலும் காரணம் வலுவானது. பிரைவேட் கன்ஸ்ட்ரக்டர் என்பது உள்தாழ்ப்பாள் மாதிரி, ரிஃப்ளெக்ஷன் (புரோகிராம் ஓடும்போதே கிளாஸின் உள்பகுதிகளைத் தொடும் வசதி) வழியாக வந்தால் திறந்துவிடலாம். சீரியலைஸ் செய்து, அதாவது ஆப்ஜெக்டை பைட்டுகளாக எழுதி வைத்து, திரும்பப் படித்தால் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலேயே இரண்டாவது ஆப்ஜெக்ட் பிறக்கும், அதைத் தடுக்க 'ரீட் ரிசால்வ்' என்று தனியாக ஒரு மெத்தட் எழுத வேண்டும். ஈனத்தில் இரண்டு வாசலையும் மொழியே அடைத்துவிட்டது. இவ்வளவு செய்தும் எல்லை என்னவென்றால் ஒரு கிளாஸ் லோடருக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரே ஜார் ஃபைலை இரண்டு வெப் ஆப்களுக்குள் தனித்தனியாக வைத்து ஒரே டாம்கேட் சர்வரில் ஓட்டினால் இரண்டு சிங்கிள்டன் இருக்கும், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் 'சிங்கிள்டன் ஸ்கோப்' என்கிறார்களே, அது இன்னும் வேறு: ஆப்ஜெக்டுகளை உருவாக்கி வைத்திருக்கும் ஒரு கன்டெய்னருக்குள் ஒரு பீன் டெஃபினிஷனுக்கு (எதை எப்படி உருவாக்குவது என்ற ஒரு குறிப்புக்கு) ஒன்று. கன்ஸ்ட்ரக்டர் திறந்தே இருக்கும், நீங்களாக நியூ போட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

கோட்லினில் 'ஆப்ஜெக்ட்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும், அடியில் அதே ஸ்டாட்டிக் ஃபீல்டுதான். ஆண்ட்ராய்டில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதற்குள் ஆக்டிவிட்டியின் கான்டெக்ஸ்டைப் பிடித்து வைத்தால் அந்தத் திரை மூடிய பிறகும் மெமரியை விட்டுப் போகாது, அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டை எடுங்கள். ஸ்விஃப்டில் 'ஸ்டாட்டிக் லெட்' போதும், த்ரெட் பாதுகாப்பும் சோம்பலாக உருவாவதும் சேர்ந்தே வரும். சி ஷார்ப்பில் 'ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி', அல்லது டாட்நெட் 4 முதல் இருக்கிற 'லேஸி'. ரூபியில் 'சிங்கிள்டன்' என்று ஒரு மாட்யூலே மொழியோடு வருகிறது, இன்குளூட் செய்தால் நியூ மூடப்பட்டு 'இன்ஸ்டன்ஸ்' திறக்கும். இவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சி++-இல் சொல்ல நிறைய இருக்கிறது. ஸ்காட் மேயர்ஸ் பெயரால் வழங்கும் முறையில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் வேரியபிளாக ஆப்ஜெக்டை வைத்து அதன் ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுப்பீர்கள், காப்பி கன்ஸ்ட்ரக்டரை 'டிலீட்' என்று அடைத்துவிடுவீர்கள். சி++11-க்கு முன்னால் மொழியின் ஸ்டாண்டர்டில் த்ரெட் என்ற சொல்லுக்கே இடம் இல்லாததால் இந்த இரண்டு வரிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 11 முதல், ஒரு த்ரெட் உருவாக்கிக்கொண்டிருக்கும்போது மற்றவை காத்திருக்கும் என்று ஸ்டாண்டர்டே சொல்கிறது. ஆக உருவாவது சிக்கல் இல்லை. சிக்கல் சாவதில்தான்.

ஒரு உதாரணம். லாகர் (நடப்பதைப் பதிந்து வைப்பது) ஒரு சிங்கிள்டன், கேச் (அடிக்கடி தேவைப்படுவதைக் கையருகில் வைப்பது) ஒரு சிங்கிள்டன். புரோகிராம் ஆரம்பித்ததும் கேச் உருவாகிறது, கொஞ்ச நேரம் கழித்து யாரோ முதன்முதலாக லாகரைக் கூப்பிட, அது உருவாகிறது. புரோகிராம் முடியும்போது உருவான வரிசைக்கு நேர் எதிராக அழிப்பார்கள், கடைசியில் பிறந்த லாகர் முதலில் போகும். அப்புறம் கேச்சின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் மெத்தட்) ஓடும், அதில் யாரோ "கேச் மூடப்பட்டது" என்று லாகரில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். செத்துப்போன ஆப்ஜெக்டில் எழுதுகிறீர்கள், என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். எல்லா வேலையும் ஒழுங்காக முடித்துவிட்டு வெளியேறும்போது மட்டும் க்ராஷ் ஆகிற புரோகிராமைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். கேச்சின் கன்ஸ்ட்ரக்டரிலேயே லாகரை ஒரு தடவை கூப்பிட்டு வைத்தால் லாகர் முந்திப் பிறந்து பிந்திச் சாகும், இது ஒரு வழி. இன்னொரு வழி, ஸ்டாட்டிக்காக ஒரு பாயின்டரை வைத்து நியூ போட்டுவிட்டு டிலீட்டே செய்யாமல் விடுவது, புராசஸ் முடிந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மெமரியை வாங்கிக்கொள்ளும். லீக் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் லாகருக்கு நான் தயங்காமல் இதைத்தான் செய்வேன். விண்டோஸில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த ஃபங்ஷனை ஹெடரில் எழுதி இரண்டு டிஎல்எல்களில் (ஓடும்போது புரோகிராமோடு சேரும் லைப்ரரி ஃபைல்கள்) சேர்த்தால் டிஎல்எல்லுக்கு ஒன்றாக இரண்டு ஆப்ஜெக்ட். ஒரே ஒரு டிஎல்எல்லில் வைத்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

இப்போது பைதான், உங்கள் கை நின்ற இடம். ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும், ஆப்ஜெக்டை உருவாக்கும் டண்டர் நியூ மெத்தடை (டண்டர் என்றால் பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு) மாற்றி எழுதி, ஏற்கெனவே ஆப்ஜெக்ட் இருந்தால் அதையே திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும், உண்மை. ஆனால் கிளாஸை அழைக்கும் ஒவ்வொரு தடவையும், ஃபீல்டுகளை நிரப்பும் டண்டர் இனிட் மறுபடியும் ஓடும். இனிட்டுக்குள் கேச்சுக்கென்று ஒரு காலி டிக்ஷனரி வைத்திருந்தீர்கள் என்றால், கோடில் எங்கோ ஒருவர் அந்த கிளாஸை அழைத்த கணத்தில், அதுவரை சேர்த்த எல்லாம் காலி. பிழைச் செய்தி எதுவும் வராது, கேச் ஏனோ வேலை செய்வதில்லை என்று மட்டும் தோன்றும். மெட்டாகிளாஸ் (கிளாஸையே உருவாக்கும் கிளாஸ்) எழுதி இதைத் தவிர்க்கலாம், ஆனால் எதற்கு? பைதானில் மாட்யூல்தான், அதாவது ஒரு கோட் ஃபைல்தான் சிங்கிள்டன். முதல் இம்போர்ட்டில் ஒரு தடவை ஓடும், ஓடியதை 'சிஸ் டாட் மாட்யூல்ஸ்' டிக்ஷனரியில் வைத்துக்கொள்ளும், அடுத்த இம்போர்ட்டுகளுக்கு அதையே எடுத்துக் கொடுக்கும். ஒரு ஃபைலில் ஆப்ஜெக்டை உருவாக்கி வையுங்கள், தேவைப்படும் இடத்தில் இம்போர்ட் செய்யுங்கள், முடிந்தது. நேர்காணலில் இந்த ஒரு வாக்கியமே நல்ல பதில்.

இங்கே எல்லை அந்த டிக்ஷனரியில் மாட்யூல் எந்தப் பெயரில் பதிந்திருக்கிறது என்பது. ஒரே ஃபைலை ஒரு இடத்தில் 'கான்ஃபிக்' என்றும் இன்னொரு இடத்தில் 'ஆப் டாட் கான்ஃபிக்' என்றும் இம்போர்ட் செய்ய வழி இருந்தால் பைதானுக்கு அவை இரண்டு மாட்யூல், இரண்டு தடவை ஓடும். நேரடியாக ஓட்டுகிற ஃபைல் 'மெயின்' என்ற பெயரில் பதிவாகும், அதையே வேறொரு ஃபைல் சொந்தப் பெயரில் இம்போர்ட் செய்தால் அங்கேயும் இரட்டைப் பிரசவம்தான்.

பைதானில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்றாவது ஆப்ஜெக்டே அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் பில் நம்பர் கொடுக்கும் கவுன்ட்டரை இப்படித்தான் மாட்யூலுக்குள் வைத்திருந்தோம், புரோகிராம் ஆரம்பிக்கும்போது டேட்டாபேஸிலிருந்து கடைசி நம்பரைப் படித்துக்கொண்டு அதற்குமேல் மெமரியிலேயே ஒன்று ஒன்றாக ஏற்றும். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் கூட்டம் அதிகமாகி, சர்வரில் வொர்க்கர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து நான்காக ஏற்றினோம், மதியத்துக்குள் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், 4217 என்ற எண்ணில் மூன்று பில் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு வாடிக்கையாளருக்கு, வேறு வேறு தொகைக்கு. கனிகார்ன் என்ற பைதான் வெப் சர்வரில் வொர்க்கர் என்பது தனி புராசஸ், நான்கு புராசஸிலும் ஆளுக்கொரு 'ஒரே ஒரு' கவுன்ட்டர், எல்லாம் ஒரே இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கின்றன. கோடில் ஒரு எழுத்து மாறவில்லை. அன்று மாலை முழுக்க அச்சாகி வெளியே போன பில்களை ஒவ்வொன்றாகத் தேடி எண் மாற்றினோம். அந்தக் கவுன்ட்டரை, டேட்டாபேஸே அடுத்தடுத்த எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸுக்கு மாற்ற ஆன நேரம் அரை மணிதான்.

ஜாவாஸ்கிரிப்டிலும் மாட்யூல்தான் வழி. த்ரெட் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருப்பார்கள், அங்கேதான், விடை வரும் வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் வந்து நிற்கும். "கனெக்ஷன் இல்லையா, அவெய்ட் போட்டு கனெக்ட் செய், வேரியபிளில் வை" என்று எழுதினால், அந்த அவெய்ட்டில் காத்திருக்கும் இடைவெளியில் இரண்டாவது ரிக்வெஸ்ட் வந்து அதே இஃப்பைத் தாண்டிவிடும். பழைய ஜாவா கதை அப்படியே திரும்ப நடக்கிறது, த்ரெட் இல்லாமலேயே. இதற்கு லாக் வேண்டாம், கனெக்ஷனை வைப்பதற்குப் பதிலாக ப்ராமிஸையே (விடை பிறகு வரும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட்) வேரியபிளில் வைத்துவிடுங்கள், வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே ப்ராமிஸுக்காகக் காத்திருப்பார்கள். கனெக்ட் தோற்றுப்போனால் மட்டும் வேரியபிளை மறுபடி காலியாக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் தோற்ற ப்ராமிஸையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் பழைய ரிக்கொயர் கேச் ஃபைலின் முழுப் பாதையை வைத்துத்தான் ஆப்ஜெக்டை அடையாளம் காண்கிறது, ஆகவே 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டருக்குள் ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்பு உட்கார்ந்திருந்தால் இரண்டு ஆப்ஜெக்ட். ரியாக்ட் லைப்ரரியின் இரண்டு காப்பி சேர்ந்துவிட்டால் அதன் ஹூக் ஃபங்ஷன்களில் பிழை வருவது இதனால்தான்.

கோ மொழியில் கிளாஸும் இல்லை, கன்ஸ்ட்ரக்டரும் இல்லை. பேக்கேஜ் அளவில் ஒரு வேரியபிள், அதை நிரப்ப, கொடுத்த ஃபங்ஷனை ஒரே தடவை மட்டும் ஓட்டும் 'சிங்க் டாட் ஒன்ஸ்', இவ்வளவுதான். நில் செக் (காலியா என்று பார்க்கும் இஃப்) ஒன்றைக் கையால் எழுதிவிட்டுப் போகாதீர்கள், ஒரே வேரியபிளில் நடக்கும் மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரை ஆன் செய்து, பல கோரொட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) ஒரே நேரத்தில் கூப்பிடுகிற டெஸ்ட்டை ஓட்டினால் அதுவே பிடித்துக் கொடுக்கும். ஒன்ஸில் ஒரு பொறி உண்டு: உள்ளே கொடுத்த ஃபங்ஷன் பேனிக் ஆனாலும், எர்ரரோடு முடிந்தாலும், ஒன்ஸ் கணக்கில் அது ஓடி முடிந்ததுதான், இரண்டாம் தடவை முயலாது. டேட்டாபேஸ் எழுந்திருக்காத நேரத்தில் உங்கள் சர்வீஸ் முந்திக்கொண்டு எழுந்தால் கடைசி வரை காலி கனெக்ஷனோடு நிற்கும். அதனால் எர்ரரையும் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுங்கள், 1.21 முதல் 'ஒன்ஸ் வேல்யூஸ்' இதற்காகவே இருக்கிறது. மறுபடி முயல வேண்டுமென்றால் ஒன்ஸை விட்டுவிட்டு மியூட்டெக்ஸ் என்ற லாக்கோடு நீங்களே எழுத வேண்டும்.

ரஸ்டில் மாற்றக்கூடிய குளோபல் வேரியபிளை, பாதுகாப்பு என் பொறுப்பு என்று சொல்லும் அன்சேஃப் இல்லாமல் தொடவே கம்பைலர் விடாது. 1.70-இல் 'ஒன்ஸ் லாக்', 1.80-இல் 'லேஸி லாக்' இரண்டும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கே வந்துவிட்டன, உள்ளே இருப்பதை மாற்ற வேண்டுமானால் மியூட்டெக்ஸில் பொதியுங்கள். பிஎச்பியில் நேர் எதிர், அங்கே வழக்கமான முறையில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் புதுப் பிறவி, சிங்கிள்டன் ஒரு ரிக்வெஸ்ட் முடியும் வரைதான் உயிரோடு இருக்கும், அடுத்தவருக்கு எதையும் எடுத்துச் செல்லாது.

இதெல்லாம் 'ஒன்று' என்ற பாதி. 'எங்கிருந்தும் எடுக்கலாம்' என்ற மறு பாதிதான் டெஸ்ட் எழுதும்போது கழுத்தைப் பிடிக்கும். ஒரு ஃபங்ஷன் ஆர்டரை மட்டும் ஆர்க்யூமென்ட்டாக வாங்குகிறது, உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று சிங்கிள்டனைத் தொடுகிறது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. முதல் டெஸ்ட் மாற்றி வைத்த மதிப்பு இரண்டாவது டெஸ்ட்டில் மிச்சம் இருக்கும், தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஃபெயில். எரிக் காமாவே 2009-இல் ஒரு நேர்காணலில், மறுபடி தொகுத்தால் சிங்கிள்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட விரும்புவதாகச் சொன்னார். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் மெயின் ஃபங்ஷனில் ஒன்றை மட்டும் உருவாக்கி, தேவைப்படுகிறவர்களுக்கு கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். மொழி எதுவானாலும் இது ஒரே மாதிரி வேலை செய்யும், டெஸ்ட்டில் போலி ஒன்றைக் கொடுப்பதும் சுலபம். நான் புதிதாக எழுதுவதெல்லாம் இப்படித்தான்.

சரி, உங்கள் மூன்றுக்கு வருகிறேன். கான்ஃபிக் ஆரம்பத்தில் ஒரு தடவை படித்து அப்புறம் மாறாது என்றால் சிங்கிள்டனாகவே இருக்கட்டும், புராசஸுக்கு ஒன்றாக நான்கு இருந்தாலும் நான்கிலும் ஒரே மதிப்புதான், யாருக்கும் நஷ்டமில்லை. டேட்டாபேஸ் கனெக்ஷனை மாற்றுங்கள், ஒரே கனெக்ஷனை எல்லா த்ரெட்டும் பகிர்ந்தால் ஒருவருடைய டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே முடிய வேண்டிய வேலைகளின் தொகுதி) இன்னொருவருடைய குவெரி புகுந்துவிடும். ஒன்றாக இருக்க வேண்டியது கனெக்ஷன் பூல் (தயாராக வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு), கனெக்ஷனை அதிலிருந்து வாங்கி வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். பூலும் புராசஸுக்கு ஒன்றுதான், ஆகவே பூல் அளவை வொர்க்கர் எண்ணிக்கையால் பெருக்கி, டேட்டாபேஸ் அத்தனை கனெக்ஷனைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில் நம்பர் கவுன்ட்டரை மட்டும் இந்த வாரமே மெமரியிலிருந்து எடுத்து டேட்டாபேஸுக்குக் கொண்டுபோய்விடுங்கள், டிரான்சாக்ஷன் ரத்தாகி ரோல்பேக் ஆகும்போது சீக்வென்ஸில் நடுவில் எண் விட்டுப்போகும், வரிசை விடாமல் வர வேண்டும் என்று உங்கள் கணக்குப் பிரிவு கேட்டால் சீக்வென்ஸுக்குப் பதில் தனி டேபிளில் ஒரு வரி வைத்து, பில்லைச் சேமிக்கிற அதே டிரான்சாக்ஷனுக்குள் அந்த வரியை லாக் செய்து ஏற்றுங்கள்.